இல்லமும் உண்டியும்

‘குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது’ என்று சொல்வது நம் நாட்டில் நெடுங்காலமாக வாழ்த்துரையாகவே வழங்கி வருகிறது. அதனைக் கேட்ட தாய் உள்ளம் பூரிப்பாள். பாட்டியோ கண்ணேறு படுமென்று அஞ்சி, அன்று மாலையே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் மாறி மாறி வந்த நாட்டில், மெலிந்த குழந்தை பிழைக்குமோ பிழையாதோ என்னும் அச்சம் ஒவ்வோர் இல்லத்திலும் இருந்தது. உடலில் சிறிது தசைப்பிடிப்புள்ள குழந்தையே நோயை எதிர்த்து நிற்கும் என்று முன்னோர் கண்டிருந்தனர். அக்காலத்திற்கு அஃது உண்மையே. காலம் மாறிவிட்டது, வாழ்த்துரை மட்டும் மாறவில்லை. அவ்வாழ்த்துரையை நம்பி யானும் என் இல்லத்தில் ஒரு பிழை செய்தேன். அதனை மறையாது உங்களுக்கு உரைத்தலே முறையாகும்.

யான் கும்பகோணத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகனும் மருமகளும் அலுவலகம் செல்வோர். மாலை ஏழு மணிக்கு முன் அவர்கள் வீடு திரும்புதல் அரிது. ஆதலின், பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அப்பொழுது அவனுக்கு வயது 11. ஆறாம் வகுப்பில் படித்து வந்தான். பள்ளி விட்டதும் இருவரும் வழியிலுள்ள கடையில் நிற்போம். ஒரு நாள் உருளைக்கிழங்கு வறுவல். மறுநாள் இனிப்புப் பூச்சு வைத்த பிஸ்கட்டு. வெயில் மிகுந்த நாளில் ஒரு புட்டி குளிர்பானம். பத்து ரூபாயிலும் இருபது ரூபாயிலும் முடிந்துவிடும் சிறு செலவுதான். அவன் முகம் மலர்வது கண்டு என் முகமும் மலரும். என் இளமையில், பள்ளி விட்டு வந்தால் எனக்காகக் காத்திருந்தது பழைய சோற்றுப் பானை ஒன்றே. எனக்குக் கிட்டாதது என் பேரனுக்கேனும் கிட்டட்டும் என்று எண்ணினேன். பாட்டன்மார் பலரும் எண்ணுவது அதுவேயன்றோ?

இவ்வாறிருக்கையில், அவன் கழுத்தின் பின்புறத்தில் தோல் கறுத்துத் தடிக்கத் தொடங்கியது. அவன் பாட்டி அதனை அழுக்கென்றே கருதினாள். ‘ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லை’ என்று கடிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பயற்றமாவும் தேங்காய் நாரும் கொண்டு அவன் கழுத்தைத் தேய்ப்பாள். ‘எரிகிறது பாட்டி’ என்று அவன் அழுவான். தோல் சிவந்ததேயன்றிக் கருமை போகவில்லை. வகுப்பிலும் சிலர் அவனை ‘அழுக்குக் கழுத்து’ என்று அழைத்தனர். அதனை அவன் எங்களிடம் சொல்லவில்லை, பின்னரே அறிந்தோம்.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் அவனைப் பார்த்துவிட்டு, அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுமாறு சீட்டு எழுதிக் கொடுத்தனர். யானும் அவனும் சென்றோம். மருத்துவர் இளம் பெண்மணி. என் மாணவியர் ஒருவரின் வயதே இருக்கும். அவன் உயரத்தையும் எடையையும் அளந்து, ஒரு படத்தாளில் புள்ளி இட்டார். உயரம் 142 சென்டிமீட்டர். எடை 50 கிலோகிராம். பிறகு அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, “ஐயா, இஃது அழுக்கன்று, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உடலுக்குள் நிகழ்வதைத் தோல் நமக்கு எடுத்துச் சொல்கிறது” என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். நம் வயிற்றுள் கணையம் என்றோர் உறுப்பு உண்டு. அது சுரக்கும் இன்சுலின் என்னும் நீர், இரத்தத்திலுள்ள சர்க்கரையை உடலின் உயிரணுக்களுக்குள் செலுத்தும் பணியை உடையது. கொழுப்பு மிகுந்த உடலில் அந்நீர் தன் பணியைச் செவ்வனே செய்ய இயலுவதில்லை. அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் இவ்வாறு மிகும் இன்சுலினே கழுத்திலும் கக்கத்திலும் தோலைக் கறுக்கவும் தடிக்கவும் செய்கிறது. பல்லாண்டு இவ்வாறு உழைத்துக் கணையம் தளருமானால், முன்னாளில் நாற்பது வயதுக்கு மேல் கண்ட நீரிழிவு நோய் இளமையிலேயே வந்து சேரும். என் பேரனின் இரத்தத்தில் சர்க்கரை இன்னும் எல்லை கடக்கவில்லை. ‘வந்துவிடவில்லை, வரும் வழியில் நிற்கிறது’ என்றார் மருத்துவர்.

அடுத்து அவர் பேரனைப் பார்த்து, “தம்பி, பள்ளி விட்டு வந்ததும் என்ன உண்பாய்?” என்று கேட்டார். அவன் என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தலை குனிந்து, “ஒன்றும் உண்பதில்லை” என்றான். என்னைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு மனமில்லை. நாற்பது ஆண்டுகளாக மாணவர்க்கு வாய்மையைப் பற்றிப் பாடம் சொன்ன எனக்கு அந்த நொடி எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கடையையும், வறுவலையும், குளிர்பானத்தையும் ஒன்று விடாமல் யானே எடுத்துரைத்தேன். மருத்துவர் கடியவில்லை. “வீட்டில் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார். ஐவர் என்றேன். “அப்படியானால் பத்தியம் ஐவருக்கும், இவனுக்கு மட்டும் அன்று” என்று சொல்லி, மருந்து ஏதும் எழுதாமல் அனுப்பி வைத்தார்.

அச்சொல்லின் பொருள் அன்று எனக்கு முழுதும் விளங்கவில்லை. பிள்ளை ஒருவன் பருத்திருக்க, மெலிந்த பாட்டனுக்குப் பத்தியம் எதற்கு என்று எண்ணினேன். பின்னர், இது பற்றி அறிந்தோர் எழுதியவற்றைப் படித்தும் கேட்டும் யான் தெரிந்துகொண்டவற்றுள் சிலவற்றை ஈண்டுக் கூறுவேன்.

உடற்பருமன் என்பது கண்ணால் கண்டு சொல்வதன்று, அளந்து அறிவது. எடையைக் கிலோகிராமிலும், உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதனை உடல் நிறை எண் என்பர். என் பேரனுக்கு அவ்வெண் 24.8. வளர்ந்தவர்க்கு இவ்வெண் ஒன்றே போதும், பிள்ளைகட்கோ அவ்வாறன்று. அவர்கள் நாளும் வளர்பவர்கள் ஆதலின், அவரவர் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் நோக்கி, அதற்குரிய வளர்ச்சிப் படத்தாளில் வைத்தே அது காணத்தக்கது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல் நம் நாட்டுப் பிள்ளைகட்கென்றே அத்தகைய படத்தாள்களை வெளியிட்டுள்ளது. ஆதலின், கண்ணாடியைப் பார்த்தோ, தோழனோடு ஒப்பிட்டோ, நீங்களே உங்கள் உடலுக்குத் தீர்ப்பு வழங்க வேண்டா. எல்லாப் பருமனும் உண்பதால் மட்டுமே வருவதும் அன்று. பரம்பரையின் பங்கு பெரிது. சுரப்பிகளின் குறையாலும், சில மருந்துகளாலும் வருவதும் உண்டு. ‘தின்று கொழுத்தான்’ என்று பிறனைப் பேசும் நா, இதனை அறியாது பேசும் நாவாகும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 1990-இல் 5 முதல் 19 வயது வரை உள்ளோருள் உரிய எடையின் மிக்கோர் நூற்றுக்கு 8 பேர். 2022-இல் அது நூற்றுக்கு 20 ஆயிற்று. அவ்வாண்டில் உலகெங்கும் 39 கோடிக்கு மேற்பட்ட இளையோர் எடை மிக்கவராய் இருந்தனர். அவருள் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நிலையை எய்தியவர். ஒரு தலைமுறைக்குள் மனிதனின் பிறவிக்கூறு மாறிவிடவில்லை. மாறியவை அவன் உண்பதும், உறங்குவதும், அமர்ந்திருப்பதுமே.

நம் நாட்டிலோ இது மற்றொரு முகத்தையும் உடையது. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்னும் உள்ளனர். அவர் பொருட்டே, காமராசர் காலத்தில் 1956-இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-இல் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் அதனோடு சேர்ந்தது. பசியால் மெலிந்தவனும், பாக்கெட்டுத் தீனியால் பருத்தவனும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருப்பதை என் பணியின் இறுதி ஆண்டுகளில் கண்டிருக்கிறேன். இருவரும் சத்துக் குறைந்தவரே என்பது வியப்பாகத் தோன்றலாம். பருத்த உடலுக்குள்ளும் இரும்புச் சத்துக் குறைந்த இரத்தம் ஓடுவதுண்டு.

‘தீனி’ என்ற சொல்லைக் குறித்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாட்டுத் தீனி, கோழித் தீனி என்பதுதான் அச்சொல்லின் பெருவழக்கு. மக்கள் உண்பதை உணவு, உண்டி, சோறு, அடிசில் என்றெல்லாம் மதிப்போடு வழங்கிய மொழி, இடைவேளைகளில் கொறிப்பதற்கு மட்டும் ‘நொறுக்குத் தீனி’ என்று பெயர் வைத்துள்ளது. பெயர் வைத்தவரின் மனநிலையை யான் அறியேன். ஆயினும் அதில் ஒரு நகை தொனிக்கிறது.

அத்தீனியின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். 50 கிராம் உருளைக்கிழங்கு வறுவலில் ஏறத்தாழ 16 கிராம் கொழுப்பு உண்டு. அது தரும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 270 கலோரி. அதனைத் தின்று முடிக்க ஐந்து நிமிடம் போதும். என் பேரனைப் போன்ற ஒரு சிறுவன் அதனைச் செலவிட வேண்டுமாயின் ஒரு மணி நேரத்திற்கு மேல் விரைந்து நடத்தல் வேண்டும். இனிப்புட்டிய குளிர்பானங்களில் பல, 100 மில்லி லிட்டருக்குப் பத்துப் பதினொரு கிராம் சர்க்கரை உடையன. 300 மில்லி லிட்டர்ப் புட்டியொன்றைக் குடித்தால் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உடலிற் சேரும். 2 வயது முதல் 18 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்கு உணவிற் சேர்க்கப்படும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துதல் வேண்டும் என்று அமெரிக்க இதயக் கழகம் 2016-இல் அறிவுறுத்தியுள்ளது. ஆகவே, ஒரு புட்டியிலேயே அன்றைய அளவு முடிந்து, மேலும் வழிந்துவிடுகிறது. அன்றியும், மென்று உண்ணும் உணவைப்போல் குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. அதன்பின் உண்ணும் சோறும் குறைவதில்லை. ‘பழச்சாறுதானே’ என்று சிலர் கூறுவர். பழத்தைப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டால், எஞ்சுவது பெரும்பாலும் இனிப்பு நீரே. கொய்யாப் பழத்தைக் கடித்துத் தின்பவனுக்கு அத்தொல்லை இல்லை.

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்றலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. நல்ல விதிதான். அது வாயிலைக் காக்கலாம்; ஆனால், கையைப் பிடித்து ஐம்பத்தோராவது மீட்டருக்கு அழைத்துச் செல்லும் பாட்டனை எந்த விதி தடுக்கும்?

இனி, ‘பத்தியம் ஐவருக்கும்’ என்ற சொல்லுக்கு வருவோம்.

நம் தமிழ் மக்களும் வாழும் சிங்கப்பூரில், பள்ளிப் பிள்ளைகளின் பருமனைக் குறைக்க 1992-இல் ஒரு திட்டம் தொடங்கினர். ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்பது அதன் பெயர். கட்டான உடலும் தகுதியும் உடைமை என்பது பொருள். எடை மிக்க மாணவரைத் தனியே பிரித்து, அவர்க்குக் கூடுதல் உடற்பயிற்சி அளித்தனர். பருமனானோர் தொகையும் குறைந்தது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், மற்றவர் விளையாடவும் உண்ணவும் சென்ற வேளையில், தாம் மட்டும் அடையாளம் காட்டப்பட்டு ஓடிய பிள்ளைகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்? திட்டத்தின் முதலெழுத்துகளாகிய டி, ஏ, எஃப் என்பவற்றைப் பின்னிருந்து படித்தால், கொழுத்தவன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் வருவதைக் கண்டுகொண்ட சிறுவர்கள், அதனையே சொல்லி நகைத்தனர். 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவரின் நலத்தையும் ஒருங்கு நோக்கும் வேறு முறை மேற்கொள்ளப்பட்டது.

மற்றொரு சான்று அமெரிக்க நாட்டது. லெனார்டு எப்ஸ்டைன் என்னும் உளவியல் அறிஞரும் அவர் துணைவரும், பருமன் மிக்க 76 பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் மூன்று குழுவாகப் பிரித்தனர். பிள்ளைகளின் வயது 6 முதல் 12 வரை. உணவு பற்றியும் பயிற்சி பற்றியும் எல்லார்க்கும் ஒரே அறிவுரைதான். ஆயினும், முதற்குழுவில் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு ஊக்கினர். இரண்டாம் குழுவில் பிள்ளைக்கு மட்டும் அவ்வூக்கம். மூன்றாவதில் கூட்டத்திற்கு வந்தமைக்கு மட்டுமே பாராட்டு. பத்து ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் அளந்து, 1990-இல் முடிவை வெளியிட்டனர். முதற்குழுப் பிள்ளைகளிடம், உரிய எடைக்கு மேற்பட்ட மிகை, தொடக்கத்தில் இருந்ததைவிட 7.5 விழுக்காடு குறைந்திருந்தது. தனியே முயன்ற பிள்ளைகளிடம் அது 4.5 விழுக்காடு கூடியிருந்தது. மூன்றாம் குழுவிலோ 14.3 விழுக்காடு கூடியிருந்தது. அறிவுரை ஒன்றே, பயன் மட்டும் வேறு. தந்தை வறுவலைத் தின்றுகொண்டே மகனை நோக்கி ‘உனக்கு வேண்டா’ என்று சொல்லும் இல்லத்தில், மகன் எத்தனை நாள் பொறுப்பான்? இதனைப் படித்த பிறகே அம்மருத்துவரின் சொல் எனக்கு முற்றும் விளங்கியது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை யான் எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதிலுள்ள பத்துக் குறளில் பெரும்பாலானவை, உணவின் அளவையும் முறையையுமே பேசுகின்றன. நோய்க்கு மருத்துவம் செய்வதைப் பற்றியவை மூன்றே. தேர்வுக்கு இவ்வினா வரும் என்று சொல்லிக் கொடுத்தவன், தன் வீட்டு அடுக்களையில் அதனைத் தேடிப் பார்க்கவில்லை.

எங்கள் இல்லத்தில் செய்ததைச் சொல்லுகிறேன். முதலில் மாலை வழியை மாற்றினோம். கடைத்தெருவை விடுத்துக் காவிரிக் கரையை ஒட்டிய பாதையில் நடந்து வந்தோம். பசித்து வரும் பிள்ளைக்கு ஒன்றும் கொடாதிருத்தல் கொடுமை. அது தீர்வும் ஆகாது. ஆகவே, பாட்டி ஒரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டலும், ஒரு நாள் அவித்த வேர்க்கடலையும், வேறொரு நாள் பழமும் நீர்மோரும் வைத்திருப்பாள். முதல் வாரம் அவன் சுண்டலைத் தொடவில்லை. ‘தாத்தா, ஒரு நாள் மட்டும்’ என்று கெஞ்சினான். யான் இளகிவிடுவேன் என்பதை அவன் அறிவான். என் மருமகளும் அறிவாள். ‘மாமா, நீங்கள் பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்’ என்றாள். அவ்வாறே செய்தேன்.

இரவு உணவே பெரிய வழக்காயிற்று. முன்னெல்லாம் எங்கள் இல்லத்தில் ஐவரும் ஐந்து நேரத்தில் உண்போம். பேரன் தட்டோடு தொலைக்காட்சி முன் அமர்வான். மகன் இரவு பத்து மணிக்குப் பரோட்டாப் பொட்டலத்தோடு வருவான். இப்பொழுது ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஐவரும் கூடத்தில் அமர்கிறோம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும் என்பர். படத்தில் கண் பதித்து விரைந்து உண்பவனுக்கு அச்செய்தி வந்து சேருமுன் தட்டு இருமுறை காலியாகிவிடும். பேசிக்கொண்டு உண்பவனோ தானே நிறுத்துகிறான்.

அவ்வாறு அவன் ‘போதும்’ என்று சொல்லும்போது, அதனை மதிக்கக் கற்றதுதான் எங்களுக்கு அருமையாய் இருந்தது. தமிழர் விருந்தில் ‘போதும்’ என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. ‘இன்னும் ஒரு கரண்டி’ என்பதே அன்பின் இலக்கணம், மறுத்தால் மனத்தாங்கல். தட்டில் மிச்சம் வைத்தால் சோற்றை அவமதித்ததாகும் என்று பிள்ளையை வற்புறுத்துவோம். சோற்றை மதிக்க வேண்டுமாயின் முதலிலேயே குறைவாகப் பரிமாறி, வேண்டுமெனின் மீண்டும் கேட்கச் செய்யலாமன்றோ? என் மனைவிக்கு இதனை விளக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகும், சோற்றின் நடுவே நெய்யை மறைத்து வைத்து அவனுக்குப் போட்டதை யான் இருமுறை கண்டேன், கண்டும் பேசாதிருந்தேன். பேரனுக்கு நெய் இடாத பாட்டியாய் இருப்பது எளிதன்று.

எண்ணெய்க்கு அளவு பிடித்தோம். மாதம் ஐந்து லிட்டர் செலவான இல்லத்தில் மூன்று லிட்டர் போதுமானதாயிற்று. சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையும் காயும் பருப்பும் கூட்டினோம். யான் காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை இட்டுக்கொள்ளும் வழக்கமுடையவன். அரைக் கரண்டிக்கு இறங்க மூன்று மாதம் ஆயிற்று. என் பேரன் அதனைக் கண்கொத்திப் பாம்பாய்க் கவனித்து வந்தான்.

உறக்கத்திற்கும் எடைக்கும் தொடர்பு உண்டென்பது எனக்குப் புதுச் செய்தி. உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி மிகும். மனம் இனிப்பையும் கொழுப்பையும் நாடும். 6 முதல் 12 வயது வரை உள்ளோர் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை உள்ளோர் 8 முதல் 10 மணி நேரமும் உறங்குதல் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. இரவு ஒன்பது மணிக்கு எல்லாக் கைப்பேசிகளும் கூடத்து அலமாரிக்குள் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். இவ்வேற்பாட்டை முதலில் மீறியவன் என் மகன். அடுத்து மீறியவன் யான்.

விளையாட்டைப் பற்றி நிறைய எழுதலாம். சடுகுடு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை என்று எங்கள் காலத்தை வருணித்து, அக்காலமே பொற்காலம் என்று கூற என் நா துடிக்கிறது. ஆனால், அந்நாளில் நாங்கள் மெலிந்திருந்ததற்கு விளையாட்டு மட்டுமா காரணம்? வறுமையும் காரணம். வறுமையைப் புகழ்தல் தகாது. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்குதல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. என் பேரனுக்கு ஓடுவது பிடிக்காது. ஓடினால் பிறர் சிரித்தனர். அவனை ஓடச் சொல்லாமல், அவன் தந்தை காலையில் தெருவில் அவனோடு இறகுப்பந்து ஆடினான். முதலில் தந்தைக்கே மூச்சு வாங்கியது. அது கண்டு பையன் சிரித்தான். அன்று முதல் அவனே தந்தையை எழுப்பலானான்.

எல்லாம் நேர்கோட்டில் நடந்தன என்று எண்ண வேண்டா. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் செய்தோம், உண்டோம். பண்டிகையை ஒழித்து உடலைக் காக்க வேண்டியதில்லை. பண்டிகைப் பண்டத்தை நாள்தோறும் தின்றதுதான் கேடு. ஒரு முறை அவன் புத்தகப் பைக்குள் வறுவல் பொட்டலத்தின் வெற்றுறை மடித்துச் செருகப்பட்டிருந்தது. என் மருமகள் அதனை எடுத்துக் குப்பையில் போட்டாளேயன்றி, அவனிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. யானாயிருந்தால் அரைமணி நேரம் அறவுரை ஆற்றியிருப்பேன். திட்டு வாங்கிய பிள்ளை தின்பதை நிறுத்துவதில்லை. மறைத்துத் தின்னக் கற்றுக்கொள்ளுகிறான்.

உங்களுள் எவரேனும் இதனைப் படித்துவிட்டு, நாளை முதல் ஒரு வேளை உணவைத் துறப்பேன் என்று உறுதி கொள்ள வேண்டா. அது தீங்கு. வளரும் பிள்ளைகள் பலருக்கு எடையைக் குறைக்க வேண்டியதே இல்லை; எடை மிகுதியாய் ஏறாதிருக்க, உயரம் வளர்ந்தால், உடல் தானே சீர்ப்படும். என் பேரனுக்கு அதுவே நேர்ந்தது. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு மருத்துவர் அவனை மீண்டும் அளந்தபோது உயரம் 150 சென்டிமீட்டர். எடை 51 கிலோகிராம். 24.8 என்று இருந்த எண் 22.7 ஆகியிருந்தது. உரிய எல்லைக்குள் அவன் இன்னும் வரவில்லை. ஆயினும், படத்தாளில் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்த கோடு திரும்பியிருந்தது. மருத்துவர் அத்திருப்பத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு என் மகனைப் பார்த்து, “உங்கள் எடையும் குறைந்திருக்கிறதே” என்றார்.

கழுத்தின் கருமை மெல்லத்தான் மாறும் என்று முன்பே சொல்லியிருந்தனர். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்து அமர்ந்தான். பாட்டி அவன் கழுத்தைத் திருப்பி வெயிலிற் பார்த்தாள். ஓரங்களில் தோல் வெளுத்திருந்தது. அவள் அவ்விடத்தை விரலால் தடவி, “அப்பொழுது மிகவும் எரிந்ததா, கண்ணே?” என்று கேட்டாள்.

“எரிந்தது பாட்டி” என்றான்.

அவள் மறுமொழி கூறவில்லை. சற்று நேரம் அவன் கழுத்திலேயே கை வைத்திருந்தாள். பிறகு திண்ணையில் கிடந்த தேங்காய் நாரை எடுத்து அடுப்படிப் பக்கம் எறிந்துவிட்டு, வெறுங்கையால் அவனுக்கு நீர் வார்த்தாள்.